குலுவில் எதுவும் கேட்காதே

அன்புள்ள அருள்,

நீயும் பிலோமினாவும் தசராவுக்குக் குலு போக டிக்கெட் எடுத்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். கல்யாணமான புதிதில் ஊட்டி, கொடைக்கானல் என்று போவார்கள். உன் கம்பெனியில் இப்போது குலு, மணாலி என்று கிளம்புகிறார்களாம். போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் உன் அம்மா உன்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். நான் கடையில் இருப்பதாக நினைத்து அடுப்படியில் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். கோணிக் கட்டு எடுக்கப் பின்வாசல் வழியாக வந்த என் காதில் எல்லாம் விழுந்தது. அங்கே பல்லக்கில் வருகிற சாமியிடம் போய், உன் அண்ணன் சூசை இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு வரச் சொன்னாள். இருக்கிறானா என்று கேட்கச் சொல்லவில்லை, எங்கே என்று கேட்கச் சொன்னாள். நீயும் "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டாய். அந்தச் சரியை நீ காப்பாற்றக் கூடாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவாய். உன் குணம் எனக்குத் தெரியும், அது என்னுடையதுதான்.

சூசையை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்ததுகள் தங்கவில்லை. அதனால் அவன் உனக்கு அண்ணனைவிடச் சித்தப்பா மாதிரிதான் இருந்தான். ஐ.டி.ஐ. முடித்ததும் மலையில் சாலை போடுகிற சர்க்கார் வேலைக்கு எழுதிப் போட்டான். கடைக்கு வாடா என்றேன். "கோணில தூசி தவிர இன்னா கீது நைனா" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, அவன் சொன்னது உண்மை. வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் நான். அங்கே ஒதுக்கிப் போட்ட கிழிந்த கோணிகளை அள்ளி வந்து, உன் அம்மா உட்கார்ந்து தைத்துத் தர, அவற்றைக் கடலை வியாபாரிகளுக்கு விற்று உண்டான கடை இது. நாங்கள் தின்ற தூசியைப் பிள்ளையும் தின்ன வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குலுவுக்கும் மணாலிக்கும் மேலே ரோத்தாங் கணவாய், அதற்கு அந்தப் பக்கம் அவனுக்கு முகாம். புல்டோசர் மெக்கானிக். நம் பக்கத்தில் தசரா முடிகிற அன்றைக்குத்தான் குலுவில் தொடங்குகிறதாம். ஒவ்வொரு மலை ஊரும் தன் சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து மைதானத்தில் கூடுமாம். நம் மாதா சப்பரம் போல நூறு சப்பரத்தை ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று எழுதினான். அதைப் பார்க்க லீவு போட்டுவிட்டுக் கணவாய் வழியாக நடந்து இறங்கினான். அந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. கூட நடந்த ஒருவன் பாதி வழியில் பயந்து திரும்பிப் போனதால்தான் இவ்வளவாவது நமக்குத் தெரியும். சூசை திரும்பவும் இல்லை, கீழே வந்து சேரவும் இல்லை.

தந்தி வந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். தபால்காரரே படித்துச் சொன்னார், காணவில்லை, தேடுகிறோம் என்று. நான் கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா உட்காரவில்லை.

"காணலன்னுதானே போட்டுக்கீது? செத்துட்டான்னு போடலியே?"

"பனில காணலன்னா இன்னாடி அர்த்தம்?"

"காணலன்னா காணல. அவ்ளோதான் அர்த்தம். உனக்கு வேற அர்த்தம் வேணும்னா நீயே வச்சிக்க."

அன்று அவள் சொன்ன இடத்திலேயே இன்றுவரை நிற்கிறாள். பிறகு, தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று கடிதம் வந்தது. "தேடறவங்களே நிறுத்திட்டா அவன் எப்புடிக் கெடைப்பான்" என்றாள். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அடுத்த தசராவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். உன்னைப் படப்பையில் சித்தி வீட்டில் விட்டோம். கோயிலுக்குப் போகிறோம் என்று உன்னிடம் சொன்னது பொய் இல்லை, எந்தக் கோயில் என்றுதான் சொல்லவில்லை.

பதான்கோட்டில் ரயிலை விட்டு பஸ் பிடித்தோம். நீ எந்த வழியில் போனாலும் சரி, பள்ளத்தாக்குக்குள் நுழைந்த பிறகு பிலோமினாவை ஜன்னல் ஓரம் உட்கார வைக்காதே. ஆறு அவ்வளவு கீழே தெரியும், அவளுக்குத் தலை சுற்றும். சால்வையை முதல் கடையில் வாங்காதே. பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்து நூலை நாக்கில் நனைத்துச் சாயம் போகிறதா பார். ஆப்பிளைக் கூடையோடு வாங்கினால் மேல் வரிசையைப் பார்த்து ஏமாறாதே, அடியில் கைவிட்டுப் பார். அழகான ஊர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். பியாஸ் ஆறு பால் நிறத்தில் கல்லை உருட்டிக்கொண்டு ஓடுகிறது. இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள், அதற்கு மேலே வெறும் பாறை, அதற்கும் மேலே பனி. ஒரு கோணியைத் தட்டிப் பார்த்தால் அதில் கடைசியாக இருந்தது நெல்லா, கடலையா, வெல்லமா என்று சொல்லிவிடுகிறவன் நான். அந்த மலைக்கு எதிரே நின்றபோது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா பனி இருக்கிற இடத்தை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், தையல் பிரிந்த இடத்தைத் தேடுகிற மாதிரி.

மணாலியில் மரத்தாலேயே கட்டிய கோயில் ஒன்று காட்டுக்குள் இருக்கிறது. கூரைக்கு மேல் கூரை அடுக்கிய மாதிரி. அது பீமன் பெண்சாதி இடும்பிக்குக் கோயில் என்றார்கள். நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் மீசை வைத்த ஆம்பிளை ஒருவர் சேலை கட்டிக்கொண்டு இடும்பி வேஷத்தில் குதிப்பாரே, அவள்தான். உன் அம்மா வாசலில் நின்று யோசித்தாள். "இவளும் புள்ளய யுத்தத்துக்கு அனுப்புனவதானே. இவ கிட்ட இன்னா கேக்கறது" என்று திரும்பிவிட்டாள். பிலோமினாவை அங்கே கூட்டிப் போ. நல்ல இடம். ஒன்றும் கேட்காமல் திரும்பி வர முடிகிற இடம்.

குலு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த மாணிக்கத்தைப் பார்த்தது எங்கள் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை. ஆரணிப் பக்கத்து ஆள். சூசை இருந்த முகாமில் சமையல்காரனாக இருந்து, குளிர் தாங்காமல் கீழே வந்து கடை போட்டவன். நாங்கள் இரண்டு பேர் நடுங்கிக்கொண்டு தமிழில் சண்டை போடுவதைக் கேட்டு உள்ளே இருந்து வந்தான்.

"இன்னாண்ணா, இவ்ளோ தூரம். சாமி பாக்கவா, சால்வ வாங்கவா?"

"புள்ளயப் பாக்க" என்றாள் உன் அம்மா.

பெயரைச் சொன்னதும் அவன் சிரிப்பு போய்விட்டது. எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தான். சூசை சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தினம் தகராறு செய்வானாம். "ஒரு நாள் உப்ப அள்ளிப் போட்டு வச்சேன். அதயும் சாப்ட்டு, 'இப்பதாண்டா சோறு'ன்னான், படுபாவி" என்றான். அவன் 'சாப்ட்டான்', 'சொன்னான்' என்று பேசப் பேச உன் அம்மா முகத்தில் ஒரு களை வந்தது. எனக்கு அப்போதே பயமாக இருந்தது.

மைதானத்தில் சாமிகளுக்குக் கூடாரம் அடித்திருந்தார்கள். பெரிய சாமிக்கு மரத் தேர், அதைக் கயிறு கட்டி ஜனங்கள் இழுத்தார்கள். மற்றவையெல்லாம் பல்லக்கு. ஒவ்வொன்றிலும் வெள்ளியிலும் பித்தளையிலும் முகம் முகமாகப் பதித்து, பட்டு சுற்றி, செண்டுமல்லி மாலை போட்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு வளைந்த கொம்பு ஊதினார்கள். "இந்த ஊர்ல மனுசன விட சாமி ஜாஸ்திண்ணா. மனுசனுக்கு ரூமு கெடைக்காது, சாமிக்கு டென்ட்டு ரெடியா இருக்கும்" என்றான் மாணிக்கம்.

"இத்தினி சாமில ஒண்ணுக்குக் கூடவா தெரியாது, எம்புள்ள எங்கன்னு?" என்று கேட்டாள் உன் அம்மா.

அவன் சும்மா இருந்திருக்கலாம். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் சொன்னான். அங்கே சாமியிடம் கேட்பார்களாம். கல்யாணம், நிலத் தகராறு, காணாமல் போன ஆடு, எதுவானாலும். "பல்லக்கு உன்னப் பாத்துச் சாஞ்சா ஆமா. பின்னால வாங்குச்சுன்னா இல்ல. சும்மா நின்னுச்சுன்னா, போய் வேற வேல பாருன்னு அர்த்தம்." கணவாய்க்குக் கீழே இருக்கிற கடைசி ஊரின் சாமியையும் காட்டினான். பனியில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அதன் எல்லைக்குள்தானாம்.

உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறினால் சோறு இறங்காது. செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி. அப்படிப்பட்டவள் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டாள். "இத நீ வச்சிக்கய்யா. மாதா பாக்க வேணாம்." நான் தடுக்கவில்லை. வியாபாரத்தில் ஒரு கடையில் சரக்கு இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறவன்தான் நானும்.

மாணிக்கம் அவர்கள் பாஷையில் கேட்டான். சூசை உயிரோடு இருக்கிறானா என்றுதான் கேட்டான், கேட்கும் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தான். நான்கு பேர் பல்லக்கைத் தாங்கி நின்றார்கள். முதல் நாள் மழையில் தரை சேறாகியிருந்தது. இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மில்லுக்குப் போகும் முன்னாலும் போன பிறகும், நம் ஊர்த் திருவிழாவில் மாதா சப்பரம் தூக்கியவன் நான். சப்பரம் தூக்குகிறவனுக்கு ஒன்று தெரியும். தோள் எரிகிறபோது, முதலில் சும்மா இருக்கிற கை மரத்துக்கு அடியில் வரும். கழுத்து குனியும். பிறகு மரம் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போகும். அந்த ஒரு மூச்சு நேரம் பாரம் முன்னால் சாயும். பார்க்கிற ஜனங்கள் மாதா குனிந்து பார்க்கிறாள் என்று கையெடுப்பார்கள். கீழே இருக்கிற நாங்கள் 'மெதுவாடா, இடுப்பு போச்சுடா' என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம். எங்களுக்கு அது தோள் மாற்றுகிற வேலை, வேறு ஒன்றும் இல்லை. நம் ஊரில் அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ததும் இல்லை.

பின்பக்கம் நின்றவனின் கை மரத்துக்கு அடியில் வருவதை நான் பார்த்தேன். அவன் கழுத்து குனிந்தது. பல்லக்கு உன் அம்மாவைப் பார்த்துச் சாய்ந்தது. மாலை அவள் தலையில் உரசியது.

"கீறான்" என்று சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ள கீறான்யா. சொல்லிருச்சுய்யா."

அவள் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அக்கம் பக்கத்துப் பெண்கள் வந்து அவளைத் தூக்கிக் கன்னத்தைத் தடவினார்கள். பாஷை தெரியாவிட்டாலும் தாய் என்று தெரிந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்குத் திரும்பியதும் மாணிக்கம் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணா, நீயும் பாத்தியா?"

"இன்னாத்த?"

"ஒண்ணுமில்ல. டீ ஆறுது, குடி."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீயும் என்னைப் போல யோசிக்கிறவன் என்பதால், அடுத்து உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். தோள் மாற்றினான் சரி, அவளுக்காக மாணிக்கம் கேட்ட அந்த நொடியில் ஏன் மாற்றினான்? அந்தக் கேள்விக்குள் போகாதே. நான் போனேன். கடையில் கோணி எண்ணும்போது, பஸ்ஸில் போகும்போது, பூசையில் முழங்கால் போட்டிருக்கும்போது எல்லாம் அதற்குள்ளேயே கிடந்தேன். உள்ளே போக வழி இருக்கிறது, வெளியே வர இல்லை. ஒருநாள் மில்லில் மூட்டை ஏற்றுகிறவன் ஒருவன் தோள் மாற்றுவதைப் பார்த்தேன். அவனிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. வலித்தது, மாற்றினான். அதோடு நான் வெளியே வந்தேன். உன் அம்மா வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான், காரணம்தான் தெரியாது. கல்லறைத் திருநாள் அன்று நம் செத்துப்போனவர்களுக்கெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றுவாள், தங்காமல் போன பிள்ளைகளுக்குக்கூட. சூசைக்கு ஏற்றவிடமாட்டாள். இறந்தவர் பூசையில் அவன் பெயரையும் வாசிக்கலாமா என்று பங்குச் சாமியார் அன்பாகத்தான் கேட்டார். "உசுரோட இருக்கறவனுக்கு எதுக்கு சாமி" என்று எழுந்து வந்துவிட்டாள். மூத்தவனுக்கு ஆகாமல் இளையவனுக்குச் செய்யமாட்டேன் என்று உன் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனதும் அதனால்தான். பாவம், பிலோமினா காத்திருந்தாள். கடைசியில் இறங்கி வந்தபோதும் பத்திரிகையில் வரவேற்பவர்கள் வரிசையில் அவன் பெயரைப் போட வைத்தாள். நீ அச்சகத்தில் போய்ச் சத்தம் போட்டாய். கல்யாணத்தன்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாளே, உன் மாமனார் வீட்டார் வரவேண்டும் என்றா நினைத்தாய்?

எனக்கு வேறு ஒரு உறுத்தல். செத்தவர்கள் மோட்சம் போகும் முன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடப்பார்கள், இங்கே பூசை வைத்தால் அங்கே விடுதலை என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் இவள் இங்கே காத்திருக்கக் காத்திருக்க அவன் அங்கே ஒரு பூசைகூட இல்லாமல் கிடப்பானோ என்று நினைப்பு வரும். அவளுக்குத் தெரியாமல் செங்கல்பட்டு போய், நம்மை அறியாத கோயிலில் பூசைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். அங்கே இருந்த சாமியார் கேட்டார், "யாருக்காக? இறந்தவர் பெயர்?" பேரம் பேசிப் பழகிய வாய்க்கு அங்கே அவன் பெயர் வரவில்லை. பயணம் போனவர்களுக்காக என்று சொல்லிவிட்டு வந்தேன். அதனால், அருள், உன் அம்மாவை மட்டும் குறை சொல்லி இதை எழுதுவதாக நினைக்காதே. தோள் மாறியதைக் கண்ணால் பார்த்தவனுக்கே அவ்வளவுதான் முடிந்தது.

இப்போது நீ போய்க் கேட்டால் என்ன ஆகும் என்று பார். சாமி பின்வாங்கினால் அதை நீ வந்து அவளிடம் சொல்வாயா? சொன்னாலும், "கோவமா இருந்திருக்கும், அடுத்த தசராவுக்குப் போ" என்பாள். சாய்ந்தால் இன்னும் மோசம். எங்கே என்று கேட்கச் சொல்லியிருக்கிறாள், பல்லக்கோடு வருகிற சாமியாடி அதற்கும் எதையாவது வாயால் சொல்வான். வடக்கே என்பான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்பான். இந்த முழங்கால் வலியோடு அவள் கிளம்புவாள். அவளைத் தனியே விடமுடியாமல் நீ கிளம்புவாய். இதில் உண்மையைச் சொல்லியும் பயனில்லை, பொய் சொல்லியும் பயனில்லை. இரண்டையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவளைக் காத்திருப்பிலிருந்து வெளியே கொண்டுவர என்னால் முடியவில்லை, உன்னாலும் முடியாது. உன்னையாவது அதற்குள் விடாமல் பார்க்கலாம் என்பது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. அதுவும் நீ கேட்டால்தான்.

ஆகையால் போ. தேர் இழுப்பதைப் பார். அந்த ஊர் ஜனங்கள் கையைக் கோர்த்துக்கொண்டு ஆடுவார்கள், பிலோமினாவும் ஆடட்டும், கூச்சப்பட வேண்டாம் என்று சொல். மாணிக்கம் இருந்தால் டீ குடி. பல்லக்குக்கு எதிரே மட்டும் போய் நிற்காதே. திரும்பி வந்ததும் "ஒரே கூட்டம்மா, கிட்டப் போக முடியல" என்று சொல். கையாலாகாதவன் என்று ஏசுவாள். வாங்கிக்கொள். பிறகு சாப்பிடச் சொல்வாள். சாப்பிடு. இன்னொன்று, நான் சொன்ன தோள் விஷயத்தை எனக்குப் பின்னாலும் அவளிடம் சொல்லிவிடாதே. உனக்கு எந்நாளாவது அவள்மேல் கோபம் வந்து வாய்வரைக்கும் வரும். அப்போதும் வேண்டாம்.

போன மாதம் கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கிவிட்டேன், ஒரு பெரிய குடும்பக் கல்லறைக்கு. கல்லுக்கும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். மேலே என் பெயர், அதற்குக் கீழே உன் அம்மாவுக்கு. அதற்கும் கீழே ஒரு பெயருக்கு இடம் விடச் சொன்னேன். "அது யாருக்கு முதலாளி?" என்றார். "சும்மா கெடக்கட்டும்பா, பையன் வந்து சொல்லுவான்" என்றேன். உன்னைத்தான் சொன்னேன். அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ. நான் போன பிறகு என் பெயரை மட்டும் வெட்டச் சொல். உன் அம்மா இருக்கிறவரை மற்ற இடம் வெறும் கல்லாகவே இருக்கட்டும். அவள் பெயரை வெட்டுகிற அன்றைக்கு அவன் பெயரையும் சேர்த்து வெட்டச் சொல், அன்றே அவனுக்கும் பூசை வை. ஒரே நாளில் ஆகட்டும். அதற்கு முந்தின நாள்கூட வேண்டாம்.

உன் நைனா